கடைசிப் பக்கங்களை வைத்திருந்தவள்

கண்ணு,

செவ்வாய்க்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். லைன் கட் ஆகவில்லை. நான்தான் ரிசீவரை வைத்தேன். அப்புறம் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று உன் அப்பாவின் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டாயாம். பிபி மாத்திரை போட மறந்திருப்பாள் என்று சொல்லி அவரும் பேச்சை முடித்துவிட்டார். மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, ஹில்டா ஆன்ட்டியோட தங்கச்சி ரியல் நேம் என்ன? உன்கிட்ட மட்டும் சொன்னாங்கன்னு அப்பா சொன்னாரு. ஸ்பீச்ல ரியல் நேம் இருந்தா இன்னும் டச்சிங்கா இருக்கும்." அந்த டச்சிங் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாக ரிசீவரை வைத்துவிட்டது.

பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தேடாதே. இதைத் தமிழில் எழுதுவதும் வேண்டுமென்றேதான். ஈரோட்டில் நாலாம் வகுப்பு வரை படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், எனக்குத் தெரியும். கூட்டியே வாசி. வேகமாகப் பார்த்துவிட்டு 'காட் இட், மாம்' என்று சொல்லிப் போக முடியாத ஒன்றை ஒரு தடவையாவது உனக்குக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. காலேஜ் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவுக்கு வேலைக்குப் போகிறாய். அதற்கு முன் உன் காலேஜில் பெரிய டின்னராம், புத்தகங்கள் தந்த நம்பிக்கை என்று நீ பேச வேண்டுமாம், அங்கே சேர நீ எழுதிக் கொடுத்த அட்மிஷன் கட்டுரையை வைத்தே பேசச் சொல்லிவிட்டார்களாம். எனவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது வேறு கதை. நீ எழுதி, பிறகு நீயே நம்பத் தொடங்கிய கதை.

நாம் இர்விங்கில் அந்த இரண்டாம் மாடி அபார்ட்மெண்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, கதவில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். பால்கனியில் துணி காயப் போடக் கூடாதாம். ஈரோட்டில் மொட்டை மாடி முழுவதும் என் ராஜ்ஜியம், இங்கே ஒரு புடவையை விரிக்கக் கம்பி இல்லை. டிரையரில் போட்டால் கைத்தறிப் புடவை சுருண்டு கைக்குட்டை போல வந்தது. என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, உன் அப்பா காலையில் ஆபீசுக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு லாண்டரி ரூமில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு துணிக்காக அழுகிறோமே என்ற வெட்கம் வேறு. அப்போதுதான் ஹில்டாம்மா வந்தார். கீழ்த்தளத்தில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மாள், கணவர் இறந்து பல வருஷமாகியிருந்தது. நோட்டீசை வாங்கிப் படித்துவிட்டு, என் வீட்டுப் பின்னால் பேட்டியோ என்று வேலி போட்ட சின்ன முற்றம் இருக்கிறது, வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, அங்கே கயிறு கட்டிக்கொள் என்றார். விதி எதையாவது மீறுவதில் அவருக்குத் தனி சந்தோஷம் உண்டு. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் புடவைகள் அங்கே காய்ந்தன, நானும் பகலெல்லாம் அங்கேயே கிடந்தேன்.

நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஸ்கூல் பஸ்ஸில் உன் எண்ணெய்த் தலையை முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்ட பையன்களைப் பற்றி நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மா அழுதுவிடுவாள் என்று அவரிடம் போய்ச் சொன்னாய். அவர் உன்னைத் தடவிக் கொடுத்து ஆறுதல் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, பஸ்ஸில் இதை வாசி, சாயங்காலம் வந்து எனக்குச் சொல் என்றார். புடவைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வராத இங்கிலீஷில் திக்கித் திக்கி நீ சொல்வாய். நடுவில் மறந்துபோய் முன்னால் தாவினால் அவர் கையைத் தூக்கி நிறுத்துவார். எங்கே விட்டாயோ அங்கேயிருந்து வா என்று அர்த்தம். ஒரு புத்தகம் முடிந்தால் இன்னொன்று. மிடில் ஸ்கூலில் அதே பையன்களை நேருக்கு நேராகப் பார்த்து நீ பேசினாய், பிறகு அவர்கள் உன் பக்கமே வரவில்லை. கராத்தே கிளாஸ்தான் காரணம் என்று உன் அப்பா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தைரியம் எங்கே கிடைத்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ எந்த இடத்திலும் அதைச் சொன்னதில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அவரைப் பற்றிச் சொன்னாய், அதையும் தப்பாகச் சொன்னாய்.

பையனை ஏன் இப்படி வரிசை தவறாமல் சொல்ல வைக்கிறீர்கள் என்று ஒரு நாள் புடவை மடித்துக்கொண்டே நான் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர் அவருடையது. யூதர்கள் என்பதற்காகக் குடும்பத்தோடு ரயிலேற்றி, கிழக்கே எங்கோ ஒரு நகரத்தில் வேலி போட்டு அடைத்த பகுதிக்குள் கொண்டுபோய்த் தள்ளினார்கள். கெட்டோ என்று அதற்குப் பெயர். ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பம். பள்ளிக்கூடம் கிடையாது, புத்தகம் வைத்திருந்தால் தண்டனை. ஹில்டாம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது, தங்கை இரண்டு வயது சின்னவள். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு நாவல் இருந்தது. தடிப் புத்தகத்தை ஒளித்து வைப்பது கஷ்டம் என்பதால் தையலைப் பிரித்துப் பல பகுதிகளாக்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சட்டைக்குள் செருகி வைத்துக் கிடைத்த நேரத்தில் வாசிக்க வேண்டும், சாயங்காலம் நிலவறையில் கூடும்போது வரிசைப்படி வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் பகுதியை இன்னொருவர் படிக்கக் கூடாது. சொல்ல வேண்டியவன் வேலையிலிருந்து வரத் தாமதமானால் எல்லாரும் காத்திருக்க வேண்டும், தாண்டிப் போகக் கூடாது. கடைசிப் பகுதியைத் தங்கை அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். முடிவு தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. என் ரொட்டியில் ஒரு துண்டு தருகிறேன், அவன் திரும்பி வருகிறானா இல்லையா என்று மட்டும் சொல் என்று ஒரு பையன் கெஞ்சியிருக்கிறான். மாட்டேன் என்று சிரித்திருக்கிறாள். அவள் முறை வந்த அன்று, சாயங்காலம் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். போனவர்களை அங்கிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அவள் சட்டைக்குள் இருந்தன.

மிச்சமிருந்த பிள்ளைகள் மறுநாளும் கூடினார்கள். ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள், யாரும் யாருடையதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கதையில் வரும் அந்தப் பெண் ஊரை விட்டுப் போயிருப்பாளா மாட்டாளா என்று சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வந்ததாம். பட்டினியில் இதற்கெல்லாம் எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். "பகலெல்லாம் ரொட்டியைப் பற்றித்தான் பேச்சு. சாயங்காலம் சண்டை போடுவோம். சண்டையில் தோற்றவன் நாளைக்கு வந்து ஜெயிக்க வேண்டுமே, அதற்காகவாவது நாளைக்கு இருக்க வேண்டும்" என்றார். அதற்கு மேல் நம்பிக்கை, தைரியம் என்ற பெரிய சொற்களை அவர் வாயால் நான் கேட்டதில்லை. இன்னொன்றும் சொன்னார். புத்தகம் எங்களைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த நிலவறையில் உட்கார்ந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். வாசித்தவர்களையும் கொன்றார்கள், வாசிக்காதவர்களையும் கொன்றார்கள். அந்த நாவல் இந்த ஊர் லைப்ரரியிலும் இருக்கிறது, அவர் அதைத் தொட்டதே இல்லை. முடிவைச் சொல்வது தங்கையின் முறை, அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் உங்கள் இருவரிடமும் சொன்னேன், சொன்னதோடு நிறுத்தவும் இல்லை. நம் வீட்டில் பாராயணம் தொடங்கினால் பட்டாபிஷேகம் வரை வாசித்து, பொங்கல் வைத்துத்தான் முடிப்போம். துக்கமான இடத்தில் ஏட்டை மூடி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். பாவம் அந்த அம்மாவுக்குக் கதை பாதியிலேயே நின்றுவிட்டதே, யாராவது அதை முடித்து வைத்தால் மனசு ஆறுமே என்று புலம்பினேன். ஒரு ஊரின் சாஸ்திரத்தை இன்னொரு வீட்டின் துக்கத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கான தண்டனையை நான் அனுபவித்தாகிவிட்டது. உன் பங்குக்கு வருகிறேன்.

நீ ஹைஸ்கூல் கடைசி வருஷம் வந்தபோது நம் குடும்பங்களை எல்லாம் காலேஜ் அப்ளிகேஷன் காய்ச்சல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளைப் பெரிய காலேஜில் சேர்த்துவிட்ட தகுதியில் ஒரு அங்கிள் வீடு வீடாக வந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டு சோபாவிலும் உட்கார்ந்து, "பரதநாட்டியம், மிருதங்கம், இந்தியா ட்ரிப்ல ஏழைக் குழந்தையைப் பாத்தேன், இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. உங்க பையன்கிட்ட டிஃபரண்டா என்ன இருக்கு?" என்று கேட்டார். உன் அப்பா ஹில்டாம்மாவைப் பற்றிச் சொன்னார். அங்கிள் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கிழவியின் தங்கை லாரியில் போனதைக் கேட்டு அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இதுதான், இதையே எழுது, ஆனால் முடிவு பாசிட்டிவாக இருக்க வேண்டும் என்றார். நீ தலையாட்டினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு நினைவிருக்கும், ஆனால் கட்டுரையில் எழுதியபடி நினைவிருக்கும். லைப்ரரியிலிருந்து அந்த நாவலை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நீ கீழே இறங்கினாய். பின்னாலேயே நான் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு வந்தேன். பாராயணம் முடிகிறதே, பொங்கல் இல்லாமல் எப்படி என்று விடிந்ததும் எழுந்து நெய் விட்டுக் கிண்டினேன். உங்களுக்கு ஒரு கிஃப்ட் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நீ கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, நின்றபடி வாசிக்கத் தொடங்கினாய். என்ன புத்தகம் என்று அவருக்கு இரண்டு வரியில் புரிந்துவிட்டது. கையைத் தூக்கினார். ஐந்தாம் வகுப்பிலிருந்து உனக்குப் பழகிய கை. நீ அதைப் பார்த்தாய், கண்ணு. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், நீ பார்த்ததை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தாய். நன்றாகவும் வாசித்தாய், அந்த இங்கிலீஷை உனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். புத்தகத்தை மூடிவிட்டு நீ அவர் முகத்தைப் பார்த்தாய், கைதட்டலுக்குக் காத்திருப்பவன் போல. அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் சொன்னார். "இனிமேல் அவள் வந்தாலும் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை." பிறகு பொங்கலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், வயிறு சரியில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

உன் கட்டுரையின் கடைசி வரி என்ன? ஐம்பது வருஷம் காத்திருந்த முடிவைக் கேட்டு ஹில்டா கண்ணீரோடு புன்னகைத்தார். அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. புத்தகம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்றும் எழுதியிருந்தாய். அட்மிஷன் வந்தது, ஸ்காலர்ஷிப் வந்தது. நம் வீட்டில் பார்ட்டி. உன் அப்பா கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அம்மாக்கள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளிடம் உனக்கு யாராவது இப்படிக் கிடைக்கிறார்களா பார் என்றார்கள். நீ ஒரு பிரதியைப் பளபளக்கும் ஃபோல்டரில் போட்டு ஹில்டாம்மாவின் கதவடியில் வைத்துவிட்டு வந்தாய். அந்த வீட்டுப் பேட்டியோ கதவு அதற்குள் சாத்தியாகிவிட்டது. என் புடவைகளை மடித்து ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தார்.

நீ காலேஜ் போன அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கணவர் வழி உறவுக்காரர் ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹில்டாம்மா மாடி ஏறி வந்து என் கதவைத் தட்டினார். மூட்டு வலியோடு அவர் எப்படி ஏறினார் என்றே எனக்குத் தெரியவில்லை. கையில் உன் ஃபோல்டர். ஒரு பக்கத்தைப் பிரித்து, தங்கையின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். உண்மைப் பெயர் அவனுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம், பொருத்தமாக இருக்கட்டும் என்று சாரா என்று அவனே வைத்துவிட்டான் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னதை நீ இன்றைக்குத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாய். பெயரைக் கேட்டதும் யூதர் என்று தெரியாத யூதப் பெண்கள் எல்லாரும் தங்கள் பெயரோடு சாரா என்று ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜெர்மனியில் அந்த ஆட்சி சட்டம் போட்டிருந்ததாம். கிழவி, குமரி, பச்சைக் குழந்தை எல்லாருக்கும் அதே பெயர், எல்லாக் காகிதத்திலும். "எங்களை ரயிலேற்றியபோது அம்மாவும் சாரா, நானும் சாரா, அவளும் சாரா. அந்தப் பெயரை அவளுக்கு உன் மகன் மறுபடியும் வைத்திருக்கிறான்." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். களைத்துப்போய்ச் சொன்னார்.

பிறகு தங்கையின் நிஜப் பெயரைச் சொன்னார். வீட்டில் அவளை எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். என் வாயில் அது சரியாக வரவில்லை, வரும்வரை விடாமல் திருத்தினார். கீழே கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பெயர் என் வாயில் சரியாக வந்ததும் எழுந்துகொண்டார். உன் மகனிடம் கோபம் இல்லை, ஆனால் இது அவனுக்கில்லை என்றார். உன் மீது கோபம் இல்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எனக்கு இருக்கிறது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். உனக்குச் சொன்னபோது 'ஓ நோ' என்றாய், அடுத்த வாரம் ஸ்பீச் பற்றிப் போன் பண்ணினாய். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவள் இப்போது உலகத்தில் நான் ஒருத்திதான். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் போனால் அதுவும் போய்விடும். அதற்காக, ஒரு ஹால் நிறைய ஆட்கள் டெஸர்ட் சாப்பிடும் நேரத்தில் டச்சிங்காக இருக்கட்டும் என்று அதை உன் கையில் கொடுத்தனுப்ப என்னால் முடியாது.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் புத்தி சொல்லி அனுப்புவார்கள். நானும் ஒன்று சொல்கிறேன். அடுத்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு மேலே தெரியாது என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்த முடிவு உன்னோடு இருக்கட்டும். படி, நிறையப் படி. தனியாக, பெரிய கஷ்டத்தில் இருக்கும் நாளில் படி, அது உன்னைத் தூக்கி நிறுத்தும், ஒரு தடவை நிறுத்தியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸில் மூக்கைப் பொத்திய பையன்களைப் பற்றிச் சொல், அது உன்னுடையது.

ஹில்டாம்மாவைப் பற்றித்தான் பேசப் போகிறாய் என்றால் பேசு, தடுக்க எனக்கு வழியில்லை. ஆனால் பெயர் கிடையாது. பேசவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டாயானால், கலிஃபோர்னியா போவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வா. பேனா பேப்பர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். யாரிடமும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவன் இருந்தால் போதும். உனக்கில்லை என்று ஹில்டாம்மா சொன்னதை மீறித்தான் சொல்லப் போகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். வேறு யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். உன் அப்பாவுக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவில் நிற்பதில்லை. நியூ ஜெர்சிக்காரருக்கு அப்படி ஒரு தங்கை இருந்ததே தெரியாது. உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை, கண்ணு. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

அம்மா